பீரோச் சாவி

ஆறு வருஷங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு உபசாரம் முடிந்து, மாலையும் கையுமாகப் புறப்படுகிற சமயத்தில், அவர் என்னைத் தனியே அழைத்து ஒரு சாவிக் கொத்தைக் கையில் வைத்தார்.

"தம்பி! இருபத்திரண்டு வருஷம் இந்தப் பீரோக்களை நான் காத்திருக்கிறேன். ஒரு புஸ்தகம் தொலைந்ததில்லை. அதன் இரகசியம் தெரியுமா?"

"தெரியாது, ஐயா."

"ஒருவருக்கும் கொடுத்ததில்லை!"

நேயர்கள் சிரிக்கலாம். நானும் அன்று சிரித்தேன். ஆனால் மறுநாள் அந்தப் பீரோக்களைத் திறந்தபோது சிரிப்பு வரவில்லை. ஆயிரத்து எண்ணூறு புஸ்தகங்கள், வாங்கிய அன்று இருந்தபடியே அட்டையின் பளபளப்புக் குன்றாமல் நின்றன. சிலவற்றின் பக்கங்கள் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. கரையான் மட்டும் கீழ்த் தட்டில் இரண்டு வரிசைகளை ஆதியோடந்தமாகப் படித்து முடித்திருந்தது.

பண்டிதரை நான் குறை கூறமாட்டேன். பல பள்ளிகளில் நூல் நிலையத்துக்கென்று தனி உத்தியோகஸ்தர் கிடையாது. கணக்கு வாத்தியாரோ, பண்டிதரோ, டிரில் மாஸ்டரோ தம் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்பளமும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் வருஷக் கடைசியில் ஸ்டாக் ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு எண்ணுகிறவர்கள் வருவார்கள். குறைந்த புஸ்தகத்தின் விலையைத் தம் கையிலிருந்து கட்டிய ஆசிரியர்களை நான் அறிவேன். அப்படி ஒருமுறை கட்டியவர் மறுபடி பீரோவைத் திறப்பாரா? சாவியைப் பூணூலில் முடிந்துகொள்ளாத குறைதான்!

இந்த நாட்டில் நூல் நிலையக் கலைக்கே தந்தை என்று சொல்லப்படுகிறவர் நம் சீர்காழிக்காரர், ஒரு கணித ஆசிரியர். எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்தவர். 1924-ஆம் வருஷம் சென்னைச் சர்வகலாசாலையின் நூல் நிலையத் தலைவராக நியமிக்கப்பட்டார். வாசகர் வராத அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிறை வாசமாகப் பட்டதாம். சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மன்றாடினார். "முதலில் லண்டனுக்குப் போய்ப் பயின்று வாரும், வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்வோம்" என்ற கருத்தில் சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள். போனவர் மனம் மாறித் திரும்பினார். 1931-ல் நூல் நிலைய சாஸ்திரத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். அவற்றில் முதலாவது, புஸ்தகம் இருப்பது உபயோகத்துக்கு என்பது.

இதற்கு ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் பழைய ஐரோப்பாவில் புஸ்தகங்களை இரும்புச் சங்கிலியால் மேஜையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு தேவாலயத்தில் அத்தகைய நூல் நிலையம் ஒன்றை இன்றைக்கும் காணலாம். அந்தச் சங்கிலியாவது புஸ்தகத்தைப் படிக்க விட்டது. தூக்கிக்கொண்டு போகத்தான் விடவில்லை. நம் பீரோப் பூட்டு அதையும் விடுவதில்லை!

பண்டிதரின் பயத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு ஆதாரம் உண்டு என்று பார்க்க எனக்கு ஆவல் உண்டாயிற்று. மத்திய சர்க்காரின் 2017-ஆம் வருஷத்துப் பொது நிதி விதிகளில் 215-ஆவது விதி நூல் நிலையங்களைப் பற்றியது. இருபதாயிரத்துக்கு மேற்படாத புஸ்தகங்கள் உள்ள இடத்தில் வருஷந்தோறும் முழுவதையும் எண்ண வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. படிக்கக் கொடுத்த புஸ்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வீதம் ஒரு வருஷத்தில் தொலைந்துபோவது நியாயமான நஷ்டமே என்றும் ஒப்புக்கொள்கிறது. நாணயக் குறைவோ அசட்டையோ காரணமாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள புஸ்தகமும் அபூர்வ நூலும் காணாமற் போனால் விசாரணை கட்டாயம். இவ்வளவுதான். இது மத்திய சர்க்கார் இலாகாக்களுக்கு ஏற்பட்ட விதி. மாகாணப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் தத்தம் விதிகளின்படி நடப்பவை. ஆயினும் அந்த வாசகத்தில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்பது பீரோவில் இருக்கும் ஆயிரமல்ல, கொடுத்து வாங்கிய ஆயிரம். ஒன்றும் கொடுக்காதவருக்கு ஒரு புஸ்தகங்கூடத் தொலைக்கச் சலுகை கிடையாது! கணக்கு வாத்தியாராகிய எனக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. விதியைப் பிரதி எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "சரி, திறவும்" என்றார்.

திறந்தேன். ஒரு பெரிய நோட்டில் கோடு போட்டு, வாங்குகிறவர் பெயர், வகுப்பு, புஸ்தகத்தின் பெயர், தேதி என்று எழுதிக் கொடுக்கலானேன். பிள்ளைகள் வந்தார்கள். அந்த நோட்டைப் பற்றி எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அதனால் வந்த வினையை இனிச் சொல்ல வேண்டும். அதில் பிழை முழுவதும் என்னுடையது.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரம் தவறாமல் வருவாள். நாவல்களாக எடுத்துப் போவாள். ஒரு நாள் அவளுடைய தகப்பனார் வந்தார். மரியாதையான மனிதர். "பெண் எப்போதும் புஸ்தகமும் கையுமாக இருக்கிறாள், ஐயா. பாடத்தைப் படிக்கிறாளா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. என்னென்ன எடுத்திருக்கிறாள் என்று பார்க்கலாமா?" என்று கேட்டார். தகப்பனார் கேட்கிறார், மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணி நோட்டைத் திருப்பி அவர் முன் வைத்தேன். அவர் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மேலும் இரண்டு இடங்களில் நின்றது. பிறகு வந்தனம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் நான் அந்த வரிகளைப் பார்த்தேன். பெண்களுக்கான சட்டங்களைப் பற்றிய முப்பது பக்கச் சிறு பிரசுரம் ஒன்று. அதை அந்தப் பெண் மூன்று முறை எடுத்துப் போயிருக்கிறாள். எழுதிக் கொடுத்தவன் நான். என் கண்ணில் அது படவில்லை. அவர் கண்ணில் உடனே பட்டுவிட்டது.

அன்று முதல் அவள் நூல் நிலையத்துக்கு வரவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை. கலியாணப் பேச்சு நடக்கிறது என்று எங்களோடு பணி புரியும் ஓர் ஆசிரியை கேள்விப்பட்டு வந்து சொன்னார். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பாமல் விவாகம் செய்விப்பது 2006-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்த அம்மையாரும் ஹெட்மாஸ்டரும் 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசிக்குத் தெரிவித்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். கலியாணம் நின்றது. அவள் பாட்டி ஊருக்குப் போய் அங்கே படிப்பை முடித்தாள் என்று கேள்வி. அவ்வளவும் நடந்ததற்கு நான் காரணமல்ல. ஆனால் அவள் என்னிடம் வாய் திறவாமல் மூன்று முறை சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாதவருக்கு எடுத்துக் காட்டினேன்.

பெற்றோருக்கு உரிமை இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. பிள்ளை என்ன படிக்கிறது என்று பிள்ளையையே கேட்கலாம். அதன் பையைப் பார்க்கலாம். எங்களிடம் வந்து பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசலாம். பதினாறு வயதுப் பெண் இரண்டு வருஷமாக எதை எதை நாடினாள் என்ற பட்டியலைக் கேட்ட மாத்திரத்தில் நீட்டுவதுதான் வேறு விஷயம். அமெரிக்க நூல் நிலையச் சங்கத்தார் 1939-ல் தங்கள் தொழிலுக்கு ஒழுக்க விதிகள் வகுத்தபோதே, வாசகரோடு பழகுவதால் தெரிய வருகிற அந்தரங்கத்தைக் காப்பது கடமை என்று எழுதிவிட்டார்கள். வைத்தியருக்கும் வக்கீலுக்கும் உள்ள கட்டுப்பாடு எனக்கும் உண்டு என்பது எனக்கு அதுவரையில் தோன்றவே இல்லை.

ஆனால் அந்தரங்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் சட்டமே போட்டிருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் வருஷச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே 21-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆறு மாதம் வரை சிறை. நூல் நிலையம் பள்ளியில் சற்றே அமைதியான இடம். வகுப்பில் சொல்ல முடியாததைச் சொல்லவும், சொல்லாமல் அழுதுவிட்டுப் போகவும் குழந்தைகள் அங்கேதான் வருகிறார்கள். "என்னிடம் இரகசியமாகச் சொன்னாள்" என்று நாம் அங்கே ஒதுங்கி நிற்க முடியாது. எந்த இரகசியத்தைக் காப்பது, எதை உடனே தெரிவிப்பது என்பதை ஸ்டாக் ரிஜிஸ்தர் சொல்லித் தராது.

அந்த நோட்டை மூடிவிட்டேன். அதற்குப் பதிலாக நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓர் உபாயத்தைக் கைக்கொண்டேன். நைனா பிரௌன் என்ற அமெரிக்க நூலகி 1895-ல் ஏற்படுத்திய முறை அது. ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு வாசகருக்கும் சிறு பை போன்ற டிக்கட். புஸ்தகம் வெளியே போகும்போது சீட்டை டிக்கட்டுக்குள் செருகிப் பெட்டியில் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் சீட்டு புஸ்தகத்துக்குள், டிக்கட் வாசகர் கைக்கு. அத்தோடு தீர்ந்தது. இப்போது யாரிடம் எந்தப் புஸ்தகம் இருக்கிறது என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியும். போன மாதம் யார் எதைப் படித்தார் என்று கேட்டால், எனக்கே தெரியாது! அன்றாடம் பெட்டியில் சேரும் சீட்டுகளை எண்ணி வைத்தால் ஆடிட்டுக்கு வேண்டிய தொகை கிடைத்துவிடுகிறது. பழைய அட்டைச் சீட்டு முறை என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் எதையும் மறப்பதில்லை என்பது அவர்கள் சொல்லும் பெருமை. எனக்கு வேண்டியிருப்பது மறதி.

பீரோவைத் திறந்த பிறகு வேறொரு தொல்லையும் வந்தது. மூடியிருந்த வரையில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. திறந்ததும், "இந்தப் புஸ்தகம் பள்ளிக்கூடத்தில் இருக்கலாமா?" என்று கேட்டு ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். ஒருவருக்கு ஒரு நாவலில் வரும் சண்டைச் சொல் ஆகவில்லை. இன்னொருவருக்குத் தம் ஜாதியைப் பற்றி ஒரு வரி உறுத்திற்று. மூன்றாமவருக்கு உடற்கூற்றுப் படம். மூவரையும் திருப்திப்படுத்த நான் முயன்றிருந்தால் அகராதியும் ரயில்வே அட்டவணையும்தான் மிஞ்சியிருக்கும்.

இத்தகைய விஷயம் ஒரு தேசத்தின் உச்ச நீதிமன்றம் வரை போன கதை உண்டு. நியூயார்க் ராஜ்யத்தில் ஐலண்ட் ட்ரீஸ் என்பது ஒரு பள்ளி வட்டாரம். 1975-ல் அதன் நிர்வாக சபை அங்கத்தினர் மூவர் ஒரு பெற்றோர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய், ஆட்சேபத்துக்குரிய புஸ்தகங்கள் என்று ஒரு ஜாபிதாவை வாங்கி வந்தார்கள். நவம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு இருவர் பள்ளிக்கூடத்துக் காவலாளியைக் கொண்டு நூல் நிலையத்தைத் திறக்கச் செய்து, அட்டைப் பெட்டியில் அந்தப் பெயர்கள் உண்டா என்று தேடினார்கள். இராத்திரியில் நூல் நிலையத்துக்குள் நுழைந்து படிக்காமல் திரும்புகிற ஆசாமிகளை நினைத்தால் சிரிப்பதா அழுவதா? மறு வருஷம் பிப்ரவரியில் புஸ்தகங்கள் நீக்கப்பட்டன. கறுப்பு இனத்து எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் சுயசரிதை, கர்ட் வான்னகட்டின் யுத்த நாவல், புலிட்சர் பரிசு பெற்ற பெர்னார்ட் மாலமுட்டின் நாவல், எல்லாம் அதில் அடக்கம். ஆட்சேபம் வந்தால் குழு வைத்து ஆராய வேண்டும் என்று நமக்கு ஏற்கெனவே விதி இருக்கிறதே என்று கல்வி அதிகாரி எழுதிக் கேட்டார். பிறகு பெற்றோர் நால்வரும் பள்ளிக்கூடத்தார் நால்வருமாக ஒரு குழு அமைந்தது. ஐந்து புஸ்தகங்களை வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லிற்று. சபையார் அதையும் தள்ளிவிட்டு, ஒரே ஒரு புஸ்தகத்தைத் தடையின்றியும், மற்றொன்றைப் பெற்றோர் அனுமதியின் பேரிலும் திரும்ப விட்டார்கள்.

ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவனும் வேறு நான்கு மாணவர்களும் 1977-ல் வழக்குப் போட்டார்கள். 1982 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மாணவர் பக்கம் சாய்ந்தது. ஒரு புஸ்தகத்திலுள்ள கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகவே அதைப் பள்ளி நூல் நிலையத்திலிருந்து அகற்றக் கூடாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். பாடத்திட்டத்துக்கு ஒவ்வாதது, ஆபாசம் நிறைந்தது என்ற காரணங்கள் வேறு. சபையார் அதற்கு மேல் விசாரணைக்கு நிற்காமல் புஸ்தகங்களைத் திரும்ப வைத்தார்கள். பிரென்னனின் கருத்துக்குப் பெரும்பான்மை நீதிபதிகளின் முழுச் சம்மதம் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் சண்டை அங்கே ஓயவில்லை. டெக்ஸாஸ் முதலிய மூன்று ராஜ்யங்களுக்குரிய மேல் முறையீட்டு நீதிமன்றம் 2025-ல், பொது நூல் நிலையத்திலிருந்து புஸ்தகத்தை நீக்கியதற்காகப் பேச்சுரிமையின் பேரில் வாசகர் வழக்காட இடமில்லை என்று நேர்மாறாகத் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவைப் பார்த்து நாம் புன்னகை புரிவதற்கில்லை. 1928-ல் பாரதியார் பாடல்களைப் பர்மா அரசாங்கம் தடை செய்ய, சென்னையிலும் பிரதிகள் பறிமுதல் ஆயின. சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து கண்டித்தார். அந்தப் பாடல்களை இன்று பிள்ளைகள் எங்கள் இறைவணக்கத்தில் பாடுகிறார்கள். அன்று அந்தப் புஸ்தகத்தைப் பீரோவில் வைத்திருந்த வாத்தியாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

வெளியீடுகளைப் பறிமுதல் செய்கிற அதிகாரம் ராஜ்ய சர்க்காருக்கு இன்றும் உண்டு. 2023-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 98-ஆவது பிரிவு. ஆபாசப் பொருளைக் குழந்தைக்குக் கொடுப்பது, 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள நியாய சங்கிதையின் 295-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை சிறை. இலக்கியம், விஞ்ஞானம், கல்வி இவற்றின் நலன் கருதிய வெளியீட்டை ஆபாசம் என்று கருதலாகாது என்று முந்தின பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது. ஆகையால், சர்க்கார் தடை செய்த புஸ்தகத்தை நான் வைக்கமாட்டேன். குழந்தைக்கு ஆகாத குப்பையையும் வாங்கமாட்டேன். அதற்கு அப்பால், பக்கத்து வீதிக்காரர் வந்து முகத்தைச் சுளித்தார் என்பதற்காக ஒரு புஸ்தகம் பீரோவைவிட்டு இறங்காது. ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். முழுவதும் படித்தீர்களா, எந்தப் பக்கம் என்று இரண்டு கேள்விகள் அதில் உண்டு. ஹெட்மாஸ்டர், ஓர் ஆசிரியை, ஒரு பெற்றோர் மூவரும் படித்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். வாய்ச் சொல்லாக வந்த ஆட்சேபங்களில் எழுத்தாக மாறியவை இதுவரை இரண்டே. அவற்றில் ஒன்று நியாயமானது. அந்தப் புஸ்தகத்தை மேல் வகுப்புப் பீரோவுக்கு மாற்றினோம்.

பிரதி எடுக்கும் விஷயத்தில் நானே அடிக்கடி பிறருடைய பகையைத் தேடிக்கொள்கிறேன். நூலாசிரியர் மறைந்த மறு வருஷம் தொடங்கி அறுபது வருஷம் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1970-ல் மறைந்தவரின் நூலுக்கு 2030 முடிய உரிமை உண்டு. பாடம் நடத்துவதற்காக ஆசிரியர் பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. டில்லி சர்வகலாசாலை வழக்கில் 2016-ல் உயர் நீதிமன்றம் இதைத் தாராளமாகவே வியாக்கியானம் செய்தது. அதற்காகக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற நாவலை முழுவதும் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று அர்த்தமல்ல. இதைச் சொன்னதால் இரண்டு நண்பர்கள் என்னோடு பேசுவதில்லை. அதே சட்டத்தில் 2012-ல் சேர்த்த ஒரு திருத்தத்தை மட்டும் யாரும் உபயோகிப்பதாகத் தெரியவில்லை. பார்வையற்ற குழந்தைக்காக எந்த நூலையும் அது படிக்கவோ கேட்கவோ கூடிய வடிவில், இலாப நோக்கின்றி, உரிமையாளரைக் கேளாமலே மாற்றிக் கொடுக்கலாம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்காக ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவர் இப்போது மத்தியான வேளையில் ஒரு நாவலை உரக்கப் படித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறார்கள். பையன் தினமும் வந்து, "அடுத்தது ஆயிற்றா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

கடந்த ஆனி மாதம் ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமி பீரோவண்டை வந்து நின்றாள். முகச்சாயலைப் பார்த்ததும் யார் வீட்டுப் பெண் என்று எனக்கு விளங்கிவிட்டது. பாட்டி ஊருக்குப் போனவளின் தங்கை. இரண்டு புஸ்தகங்களை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸார், நோட்டிலே பேர் எழுதணுமா?"

"நோட்டு இல்லை, அம்மா" என்று சொல்லி, டிக்கட் இரண்டை எழுதி அவளிடம் காட்டினேன். சீட்டைச் செருகுவது எப்படி, புஸ்தகம் திரும்பி வந்ததும் அதை உருவுவது எப்படி என்று செய்து காண்பித்தேன். அவள் தானே ஒருமுறை செருகி உருவிப் பார்த்தாள்.

"அப்புறம் இதிலே ஒண்ணும் இருக்காதா, ஸார்?"

"இருக்காது."

சற்று நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு புஸ்தகங்களில் ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டுக் கீழ்த் தட்டில் குனிந்து வேறொன்றை எடுத்தாள். அது என்ன புஸ்தகம் என்று நான் பார்க்கவில்லை.